ஊர் மழைக் கணக்கை எங்கே சேர்ப்பது? விக்கிப்பீடியா, வரைபடம், பறவைப் பட்டியல், சொந்தத் தளம்: ஓர் ஒப்பீடு

"பருவநிலை மாற்றம் பற்றி எங்களுக்குத் தெரிந்ததை இணையத்தில் சேர்க்கணும். எங்கே சேர்ப்பது?" இந்தக் கேள்வி சில மாதங்களுக்குள் மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. முதலாமவர் நன்னிலம் பக்கத்தில் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர். அடுத்தவர் மன்னார்குடியில் கல்லூரியில் படிக்கும் பெண். மூன்றாவது, வேதாரண்யம் பக்கத்து உழவர் குழு. அவர்கள் தனியாக ஒரு தளமே தொடங்கப் போகிறார்களாம், பெயர்கூட வைத்துவிட்டார்களாம்.

கேள்வி ஒன்றுதான், ஆனால் மூவர் கையில் இருக்கும் சரக்கு ஒன்றில்லை. அலுவலருக்கு வாய்க்கால்களும் மதகுகளும் மனப்பாடம். அந்தப் பெண்ணுக்கு ஆங்கில அறிக்கைகள் புரியும், மடிக்கணினியும் இருக்கிறது. உழவர் குழுவிடம் கிணற்று நீரின் உப்பை அளந்து எழுதிய நோட்டும், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த படங்களும் இருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே இடத்தைக் கைகாட்டினால் இரண்டு பேராவது ஏமாறுவார்கள்.

## முதலில் அளவுகோல்

எந்த இடத்தைப் பார்த்தாலும் நான் ஐந்து விஷயம் கேட்பேன். நம் கையில் இருப்பதை அந்த இடம் ஏற்குமா? பத்து வருடம் கழித்தும் அங்கே கிடக்குமா? போனிலேயே முடியுமா, நடவு, அறுப்பு மாதங்களில் அப்படியே விட்டுவிட்டு வந்தால் கெட்டுப்போகுமா? சேர்த்ததை யார் எடுத்துப் பயன்படுத்துவார்கள்?

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: இதனால் யாருக்காவது தொல்லை வருமா? ஒரு கிணற்று நீர் உப்பு என்று சர்வே எண்ணோடு பொதுவில் போட்டால், நாளைக்கு அந்த நிலத்தின் விலை விழும். மூழ்கிய வயலின் படத்தில் இன்னாருடைய வயல் என்று பெயர் போட்டால், கடன் கொடுத்தவனும் அதைப் பார்ப்பான்.

## தமிழ் விக்கிப்பீடியா

2003 இல் தொடங்கியது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. தமிழில் எதைத் தேடினாலும் பெரும்பாலும் முதல் சில முடிவுகளுக்குள் வந்துவிடும். பத்து வருடம் இருக்குமா என்ற கவலை வேண்டாம்.

ஆனால் அங்கே சொந்த ஆய்வுக்கு இடமில்லை. வெளியே அச்சான சான்று வேண்டும். "டெல்டாவில் மழையே மாறிவிட்டது" என்று எழுதினால் நீக்கிவிடுவார்கள், அது நியாயமும்கூட. "2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் 24 மணி நேரத்தில் சுமார் 44 செ.மீ. மழை பெய்தது" என்று செய்தி இணைப்போடு எழுதினால் நிற்கும். 2008 இல் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. கொட்டியதும் அப்படித்தான்.

காரணம் எழுதும்போது கை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2017 இல் அக்டோபர் 2 ஆம் தேதிதான் திறந்தார்கள். 2022 இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024 இல் ஜூலை 28. இந்தத் தேதிகளை அடுக்கி வைப்பது அருமையான பங்களிப்பு. ஆனால் தலைப்பில் 'பருவநிலை மாற்றத்தின் விளைவு' என்று போட்டால் தவறு. திறக்கும் நாளில் தென்மேற்குப் பருவமழைக்குப் பங்கு உண்டு, கர்நாடக அணைகளிலிருந்து வரும் தண்ணீருக்கும் உண்டு, நீதிமன்றத் தீர்ப்புக்கும் உண்டு. கடலோரத்தில் உப்பு ஏறுவதும் அப்படியே. கடல் மட்டம் ஒரு காரணம். ஆற்றில் வண்டல் வருவது குறைந்தது, நிலத்தடி நீரை உறிஞ்சியது, இறால் பண்ணைகள் என்று மற்றவையும் வரிசையில் நிற்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளில் முதலாவது சொல் தகராறு. பாடநூல் 'காலநிலை' என்கிறது, செய்தித்தாள் 'பருவநிலை' என்கிறது, பழைய ஆட்கள் 'தட்பவெப்பம்' என்கிறார்கள். ஒன்றில் தேடுபவருக்கு மற்றொன்றில் எழுதியது கிடைக்காமல் போகலாம். ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் வாதாடிய பேச்சுப் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். வாதாடாதீர்கள். இருக்கிற தலைப்பில் எழுதிவிட்டு மற்றச் சொற்களைத் தேடினாலும் அதே பக்கத்துக்கு வரும்படி வழிமாற்று போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஆலமரத்தடியில் கேளுங்கள் (பொதுப் பேச்சுக்கான பக்கத்துக்கு விக்கிப்பீடியர்கள் வைத்த பெயர் அது, எனக்கு மிகவும் பிடித்த பெயர்). இன்னொன்று, செய்தித்தாள்களின் இணைப்புகள் சீக்கிரம் செத்துப்போகும். சான்றாகக் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள்.

படங்களுக்கு அதன் தங்கைத் தளமான விக்கிமீடியா பொதுவகம் இருக்கிறது. அங்கே சான்று கேட்க மாட்டார்கள், நீங்களே எடுத்த படமா என்றுதான் கேட்பார்கள். 2021 ஜனவரியில் பொங்கல் சமயத்து மழையில் சாய்ந்த சம்பா, கதிரிலேயே முளை விட்டதே, அந்தப் படங்கள் எத்தனை பேர் போனில் இருக்கின்றன! சிக்கல் என்னவென்றால், படமாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த தேதியும் இடமும் உரிந்துபோகும். யாராவது அனுப்பியதையே ஏற்றினால் அது எந்த வருடத்துச் சம்பா என்று யாராலும் சொல்ல முடியாது. எடுத்தவரிடமே போய், மூலப் படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். ஏற்றுவதற்கு அவர் சம்மதமும் வேண்டும்.

## ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்

டெல்டாக்காரர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

2004 இல் பிரிட்டனில் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம் இது. வெள்ளம் வந்தால் மீட்புக்குப் போகிறவர்களும், வெள்ளம் எங்கே பாயும் என்று கணக்குப் போடும் ஆய்வாளர்களும் இதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர்ப் பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள். வெண்ணாறும் வெட்டாறும் இருக்கும். அதற்குக் கீழே பிரியும் வாய்க்கால்கள் பல இடத்தில் இருக்காது, இருந்தாலும் பெயர் இருக்காது. தமிழ்ப் பெயருக்கென்று தனிப் புலம் இருந்தும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். இந்த வரைபடத்தில் ஆற்றையோ வாய்க்காலையோ தண்ணீர் ஓடும் திசையில்தான் கோடாக இழுக்க வேண்டும். மலைப் பகுதியில் அது சுலபம். நம் ஊரோ தாம்பாளம் மாதிரி தட்டை. செயற்கைக்கோள் படத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது. நான் முதன்முதலில் வரைந்த வாய்க்காலைத் தலைகீழாக இழுத்துவிட்டேன். வரைபடப்படி பார்த்தால் கடைமடையிலிருந்து தண்ணீர் வாய்க்கால் தொடங்கும் தலைப்புக்கு ஏறியது! மதகு பார்க்கும் லஸ்கரிடம் போனைக் காட்டினேன். அவர் சிரித்து முடிக்கவே இரண்டு நிமிடம் ஆயிற்று. அப்புறம் உட்கார்ந்து, எது பாசனம், எது வடிகால், மேல் ஊருக்கு வடிகாலாக இருப்பது எந்த இடத்தில் கீழ் ஊருக்குப் பாசனமாக மாறுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அரை மணி நேர அறிவு எந்த அறிக்கையிலும் இல்லை. கார்த்திகையில் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதை முடிவு செய்வது அதுதான்.

மதகு, ஷட்டர், குளம், புயல் பாதுகாப்பு மையம், மேடான பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் குறிக்கலாம். ஆண்டில் சில மாதம் மட்டும் தண்ணீர் இருக்கும் என்பதற்கும் குறி உண்டு. சிறு விவரங்களை நடந்துகொண்டே போனில் சேர்க்க ஸ்ட்ரீட்கம்ப்ளீட் போன்ற செயலிகள் இருக்கின்றன. கோடு இழுக்க மட்டும் கணினி நல்லது. நாலு மாதம் விட்டுவிட்டு வந்தாலும் வரைந்தது அப்படியே இருக்கும்.

ஏற்காதவையும் உண்டு. 2018 கஜாவில் எது வரை தண்ணீர் வந்தது என்று இங்கே போட முடியாது. இன்று நேரில் போய்ப் பார்த்தால் இருப்பதுதான் கணக்கு, நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கு இது இடமில்லை. நிலம் யாருடையது என்பதும் ஆகாது. கூகுள் மேப்ஸைப் பார்த்துப் பெயரை எடுத்து எழுதுவது கண்டிப்பாகக் கூடாது. நன்னிலத்து அலுவலருக்கு என் தனி எச்சரிக்கை: நில அளவைக்கான புல வரைபடத்தைப் பார்த்து வரையக் கை துறுதுறுக்கும். உரிமம் தெளிவாக இல்லாத வரைபடத்திலிருந்து ஒரு கோடும் எடுக்கக் கூடாது. நடந்து பாருங்கள், கேட்டுப் பாருங்கள், திருத்துவதற்கு அனுமதி உள்ள செயற்கைக்கோள் படத்தின் மேல் வரையுங்கள்.

## பறவைக் கணக்கு, மரக் கணக்கு

இது சின்ன விஷயம், ஆனால் பள்ளிக்கூடங்களுக்கு இதைவிட நல்லது இல்லை. மரங்களைக் கவனித்துப் பதியும் சீசன்வாட்ச் திட்டத்தில் வேம்பு, புங்கன், புளி போன்ற ஒரு மரத்தைத் தேர்ந்து வாரம் ஒரு முறை பார்த்து இலை, பூ, காய் எவ்வளவு என்று பதிய வேண்டும். ஐந்து நிமிடம் போதும். ஈபேர்ட் தளத்தில் பார்த்த பறவைகளின் பட்டியல். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்தாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்கள் 2022 இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டன, கோடியக்கரை 2002 லேயே சேர்ந்தது. வலசைப் பறவை எப்போது வந்தது, எத்தனை வந்தது என்று வருடா வருடம் ஒரே இடத்திலிருந்து பதிந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

செலவு என்று பார்த்தால் விடாமல் செய்வதுதான். ஒரு மரத்தை இரண்டு மாதம் பார்த்துவிட்டு நிறுத்தினால் பெரிய பயன் இல்லை. பாசனமோ மகசூலோ சொல்ல இங்கே இடமும் இல்லை.

## நாமே நடத்தும் தொகுப்புத் தளம்

எல்லாருக்கும் இதில்தான் ஆசை. எனக்கும் இருந்தது.

இதன் பலம் பெரிது. எதையும் ஏற்கலாம். பாட்டி சொன்ன மழைக் குறியிலிருந்து, வெள்ளம் தாங்கும் சி.ஆர்.1009 சப்-1 நெல் எங்கள் மண்ணில் எப்படி வந்தது, மாப்பிள்ளை சம்பா தண்ணீரில் எத்தனை நாள் நின்றது என்பது வரை எதற்கும் சான்று கேட்க ஆள் இல்லை. நம் பேச்சிலேயே எழுதலாம். விக்கிப்பீடியா மறுக்கும் பொருளில் பாதி, உண்மையில் டெல்டாவுக்கு மிகவும் தேவையான பொருள்.

எங்கள் தளம் இரண்டரை வருடம் ஓடியது. தளப் பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே, அது ஒரு பொருட்டே இல்லை. பொருட்டாக இருந்தது வேறு. கணக்கு ஒரு தம்பியின் பெயரில் இருந்தது. ஓடிபி அவன் எண்ணுக்குப் போகும், நினைவூட்டல் அவன் கல்லூரி மின்னஞ்சலுக்குப் போகும். தம்பி சிங்கப்பூர் போனான், எண் மாறியது, கல்லூரி மின்னஞ்சல் மூடப்பட்டது. தை அறுப்பு மும்முரத்தில் யாரும் தளத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மாசியில் பார்த்தால் நம் பெயரில் ஏதோ சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. வேபேக் மெஷினில் எழுத்துகள் பாதி கிடைத்தன, படங்கள் கிடைக்கவில்லை. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், மொத்தப் பாரத்தையும் அவன் ஒருவன் தலையில் வைத்தது நாங்கள்தான்.

இன்னொரு செலவு சரிபார்ப்பு. சான்று கேட்க ஆள் இல்லை என்றால் பொய்யும் உள்ளே வரும். 'மாவுக்கு 10 மூட்டை' என்று ஒருவர் எழுதுவார். மூன்று மா ஒரு ஏக்கர், நூறு குழி ஒரு மா என்பது நமக்குத் தெரியும். கோவையிலிருந்து அதை வாசிப்பவருக்குத் தெரியாது. மூட்டை எத்தனை கிலோ என்று நாம்கூட எழுதுவதில்லை. மழையும் அப்படித்தான். 'ரெண்டு உழவு மழை' என்பது அருமையான அளவு, ஆனால் மில்லிமீட்டராக மாறாது. நேரான சுவர் உள்ள டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8:30 மணிக்கு அடிக்கோலால் அளந்தால் போதும். டப்பாவின் வாய் அகலம் எவ்வளவு என்பது முக்கியமில்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். வானிலை ஆய்வு மையமும் 8:30 க்குத்தான் அளக்கிறது. நேரம் ஒத்துப்போனால்தான் அவர்கள் கணக்கோடு ஒப்பிட முடியும்.

அதற்காகத் தளமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சரக்கைச் சேமிக்கும் கிடங்கும், வருகிறவர் பார்க்கும் திண்ணையும் ஒன்றாக இருக்க வேண்டாம் என்கிறேன். நோட்டுகளின் ஸ்கேன், வேபேக் மெஷினை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவுக்குப் போகட்டும். தட்டச்சு செய்த அட்டவணை செனோடோவுக்குப் போகட்டும். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013 இலிருந்து நடத்தும் தரவுக் கிடங்கு அது, காசு இல்லை. ஏற்றியதற்கு ஒரு நிலையான எண் தருவார்கள், ஆய்வாளர்கள் அந்த எண்ணைக் காட்டி மேற்கோள் கொடுக்கலாம். வெளியிட்ட பிறகு நினைத்தபடி அழிக்க முடியாது என்பதையும் மனதில் வைத்து ஏற்றுங்கள். நம் தளத்தில் விளக்கமும் இணைப்பும் மட்டும் இருக்கட்டும். நாளைக்குத் தளம் போனாலும் நெல் கிடங்கில் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| இடம் | எதை ஏற்கும் | போன் போதுமா | மறைந்த செலவு |
|---|---|---|---|
| தமிழ் விக்கிப்பீடியா | சான்று உள்ள செய்தி மட்டும் | சிறு திருத்தத்துக்குப் போதும் | சொல் தகராறு, சாகும் இணைப்புகள் |
| பொதுவகம் | நீங்களே எடுத்த படம் | போதும் | தேதி, இடம், சம்மதம் |
| ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் | இன்று தரையில் இருப்பது | பாதி வேலைக்கு | கற்க ஒரு மாதம், நடை |
| சீசன்வாட்ச், ஈபேர்ட் | மரம், பறவை | போதும் | வருடக்கணக்கில் விடாமல் செய்வது |
| சொந்தத் தளம் | எல்லாமே | கணினி வேண்டும் | கடவுச்சொல், சரிபார்ப்பு, புதுப்பிப்பு |
| ஆர்க்கைவ், செனோடோ | ஸ்கேன், அட்டவணை | ஸ்கேனுக்குப் போதும் | தட்டச்சு வேலை, அழிக்க முடியாமை |

## அந்த மூவருக்கு

அலுவலருக்கு யோசனையே வேண்டாம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அவர் சர்வீசில் நடந்த வாய்க்கால்களை இன்னொரு முறை, பேரனைக் கூட்டிக்கொண்டு நடக்கட்டும். போனைப் பேரன் பிடிக்கட்டும்.

மன்னார்குடிப் பெண்ணுக்கு விக்கிப்பீடியா. புதுக் கட்டுரை தொடங்கும் ஆசையை ஒத்திவைத்து, சீர்காழி, வேதாரண்யம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என்று ஏற்கெனவே இருக்கும் பக்கங்களில் சான்றோடு இரண்டு வரி சேர்ப்பதில் தொடங்கலாம். எழுதிப் பழகுவதற்கான மணல்தொட்டிப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு ஏற்றினால் பயம் போய்விடும். ஆங்கில அறிக்கையை இயந்திரத்திடம் கொடுத்து வந்ததை அப்படியே ஒட்ட வேண்டாம். அதைத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிடக் கடினம்.

உழவர் குழுவுக்குத்தான் என் பதில் பிடிக்காது. தளத்தை ஒரு வருடம் தள்ளி வையுங்கள். முதலில் உப்பு அளவு நோட்டை ஸ்கேன் செய்யுங்கள். எந்தக் கருவியால், எந்த மாதத்தில், எத்தனை அடி ஆழத்தில் அளந்தது என்று ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள். கிணற்றுக்கு எண் மட்டும் கொடுங்கள், பெயரும் சர்வே எண்ணும் வேண்டாம், இடத்தை ஊர் அளவில் சொன்னால் போதும். ஒரு வருடம் கழித்தும் மூன்று பேராவது மாதா மாதம் அளந்துகொண்டிருந்தால் தளம் தொடங்கலாம். கணக்கைக் குழுவின் பொது மின்னஞ்சலில் திறந்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, குழுப் பணம் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தளம் போன பிறகு மிஞ்சியது பெரியப்பாவின் டைரிகள்தான். உரக்கடையில் வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் டைரிகள், பதினேழு இருந்தன. முதல் சில வருடம் உழவுக் கணக்கில் மழை, பிறகு டப்பா வைத்து மில்லிமீட்டரில். எல்லாம் தமிழ் மாதத் தேதிகள். ஐப்பசி இத்தனை என்பதை நவம்பர் இத்தனை என்று மாற்ற, பழைய பஞ்சாங்கங்களைத் தேடி ஒரு மாதம் போயிற்று. பழைய தேதியை அழிக்காமல் பக்கத்திலேயே புதுத் தேதியைப் போட்டோம். உழவுக் கணக்கை மாற்றாமல் அப்படியே விட்டோம்.

ஸ்கேன் ஆர்க்கைவில் இருக்கிறது, அட்டவணை செனோடோவில். ஏற்றும் முன் ஒவ்வொரு பக்கமாகப் பெரியப்பாவிடம் காட்டினேன். 2017 ஆம் வருடத்து டைரியில் ஒரு பக்கம் வந்ததும் கையால் மறைத்துக்கொண்டார். அதில் மழை இரண்டு வரிதான், மீதியெல்லாம் வட்டிக் கணக்கு. அந்த இரண்டு வரியைத் தட்டச்சு செய்து அட்டவணையில் சேர்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் ஏற்றாமல் விட்டோம்.